பிடுங்கிய பிறகும் வேர் வேலை செய்கிறது

மண்ணிலிருந்து பிடுங்கிய கையோடு ஒரு வேர் செத்துப்போவதில்லை. கரட்டை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் மறந்துவிட்டால் அதன் தலையில் வெளிர்பச்சைத் துளிர் எட்டிப் பார்க்கிறது. வெங்காயம் சாக்குக்குள்ளேயே முளைக்கிறது. சமையலறை மூலையில் கிடக்கும் இஞ்சி மாரி காலத்தில் கண் விடுகிறது. அறுவடை செய்த கிழங்கு மூச்சு விடுகிறது, சேமித்து வைத்த மாப்பொருளைச் செலவழிக்கிறது, வெட்டுப்பட்ட இடத்தை மூடப் பார்க்கிறது. தனக்கு ஆபத்து என்று தெரிந்தால் புதிய இரசாயனங்களையும் செய்கிறது.

உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், மாலை வேளைகளில் திருகோணமலை மத்திய வீதியில் தம்பியின் மருந்துச் சரக்குக் கடையில் உட்காருகிறேன். வருகிறவர்கள் எது நல்ல மருந்து, எது அசல், எங்கிருந்து வந்தது என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். எப்படிக் காயவைத்தீர்கள், காய்வதற்கு முன் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்பவரைக் காண்பது அரிது. மருந்தின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அக்காவின் மகன் தென்கொரியாவிலிருந்து வந்து இறங்கியதும் இந்தப் பேச்சு சூடு பிடித்தது. 2004 இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின் வழியாகக் கொரியத் தொழிற்சாலைகளுக்குப் போன எத்தனையோ இலங்கை இளைஞர்களில் அவனும் ஒருவன். ஊர் திரும்பும் எல்லாரையும் போலவே ஜின்செங் என்ற மருந்து வேரைக் கொண்டுவந்தான்: காய்ந்த வேர்கள் ஒரு பெட்டி, கரும்பாகு நிறத்தில் சாறு ஒரு போத்தல். கூடவே ஒரு யோசனையும் கொண்டுவந்தான்.

“மாமா, பிடுங்கின ஜின்செங்கைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து மருந்துச் சத்தைக் கூட்டப் பார்க்கிறார்களாம். நாங்களும் ஒரு விளக்கு வாங்கி அமுக்கராக் கிழங்குக்குக் காட்டினால் என்ன? பொதியில் அச்சடித்துப் போடலாம்.”

கேள்வியில் தவறில்லை. புற ஊதா ஒளியால் அறுவடைக்குப் பிந்திய விளைபொருளில் சத்தைக் கூட்டுவது உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் ஊன்றிப் பார்க்கும் விடயம். ஜின்செங்கும் அதில் அடங்கும். ஆனால் தம்பியின் கடையில் சாக்கில் கிடக்கும் அமுக்கராவுக்கு அது பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை அவனுக்குச் சொன்னபோது இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் வேரைப் பார்ப்போம். அவன் கொண்டுவந்ததில் ஒன்றை மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கழுத்துப் பகுதியில், ஆண்டுக்கு ஒன்றாகத் தண்டு உதிர்ந்துபோன தழும்புகள். அவற்றை எண்ணி வேரின் வயதைச் சொல்லலாம். கொரியர்கள் ஆவியில் அவித்து உலர்த்தும் சிவப்பு ஜின்செங்குக்கு ஆறு வயது வேரையே பெரிதும் விரும்புகிறார்கள். கழுத்துக்குக் கீழே பருத்த உடல், அது இரண்டாகப் பிரிந்து கால் மாதிரி இறங்குகிறது, நுனியில் சல்லி வேர்கள். ஒரு துண்டைக் குறுக்கே நறுக்கி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், வெளிப்பட்டைப் பகுதியில் மஞ்சள் கலந்த தவிட்டு நிறப் புள்ளிகள் தெரிகின்றன. அவை பிசின் நாளங்கள். நடுவில் கட்டைப் பகுதி வெளிறிக் கிடக்கிறது. நாக்கில் வைத்தால் முதலில் கசப்பு, பிறகு மெல்லிய இனிப்பு.

அந்தக் கசப்புக்குப் பின்னால் இருப்பவை ஜின்செனோசைடுகள். சபோனின் வகையைச் சேர்ந்தவை. தண்ணீரில் குலுக்கினால் நுரைக்கும். ஒரு கொழுப்பு விரும்பும் வளையச் சட்டகமும் அதில் ஒட்டிய சர்க்கரை மூலக்கூறுகளும் சேர்ந்தது ஒரு ஜின்செனோசைடு. எத்தனை சர்க்கரை, எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து ஆர்பி1, ஆர்ஜி1, ஆர்ஈ என்று பெயர்கள் நீளும். இவை வேர் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. வெளிப்பட்டையிலும் சல்லி வேர்களிலும் செறிவு கூட, நடுக்கட்டையில் குறைவு. சந்தையிலோ மனித உருவம் போன்ற பருத்த வேருக்குப் பெரிய விலை, சல்லி வேருக்குச் சிறிய விலை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. மருந்துக்காக வாங்குகிறவன் உருவத்துக்குப் பணம் கொடுக்கிறான்.

இனி ஒளிக்கு வருவோம். புற ஊதா என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று பகுதிகள் உண்டு. 315 முதல் 400 நனோமீற்றர் வரை ஏ, 280 முதல் 315 வரை பி, 100 முதல் 280 வரை சி. அலைநீளம் குறையக் குறையக் கதிரின் ஆற்றல் கூடும். ஓசோன் படலம் சி முழுவதையும் பி யின் பெரும் பகுதியையும் தடுத்துவிடுகிறது. ஆகவே நிலாவெளிக் கடற்கரையில் நம் தோலைக் கருக்குவது ஏ யும் மிச்சமிருக்கும் பி யும்தான். தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையங்களில் கிருமி கொல்லும் பாதரச விளக்கு 254 நனோமீற்றர் அளவில் ஒளிர்கிறது. அது சி வகை. ஆய்வுக்கூடத்தில் “புற ஊதா காட்டினோம்” என்று சொல்வது பல வேளைகளில் இந்த விளக்கைத்தான். சூரியன் அந்த ஒளியை நம் முற்றத்துக்கு அனுப்புவதே இல்லை. “விளக்கு எதற்கு, எங்கள் ஊர் வெயில் போதாதா” என்று தம்பி குறுக்கே கேட்டபோது நான் சொன்ன முதல் பதில் இதுதான்.

அடுத்து நான் கேட்கச் சொல்லும் கேள்வி, ஒளியைப் பிடிப்பது யார் என்பது. ஒரு மூலக்கூறு ஒளியை உறிஞ்சினால்தான் அந்த ஒளி அதை நேரடியாக மாற்ற முடியும். உறிஞ்சாத ஒளி அதைத் தொடாமலே கடந்துபோகும்.

காளானை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எர்கோஸ்டெரோல் என்ற பொருள் இருக்கிறது. 280 நனோமீற்றரை ஒட்டிய ஒளியை அது நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதும் அதன் வளையங்களில் ஒன்று திறந்துகொள்கிறது. சற்று நேரத்தில் அது விற்றமின் டி2 ஆகிறது. நம் தோலில் வெயில் பட்டு விற்றமின் டி3 உருவாவதும் இதே வகை வேலை. இதற்கு உயிருள்ள கலம் தேவையில்லை. காளானை நறுக்கிக் காயவைத்துத் தூளாக்கிய பிறகு ஒளி காட்டினாலும் டி2 உருவாகும்.

மஞ்சளில் கதை தலைகீழ். அதன் குர்குமின் 420 நனோமீற்றரை ஒட்டிய ஒளியை, அதாவது கண்ணுக்குத் தெரியும் நீல ஊதாவைக்கூட, ஆவலோடு உறிஞ்சுகிறது. உறிஞ்சிய பிறகு உடைகிறது. வனிலின், பெருலிக் அமிலம் போன்ற சிறு துண்டுகள் மிஞ்சுகின்றன. வகுப்பில் நான் விரும்பிச் செய்துகாட்டிய பரிசோதனை ஒன்று உண்டு. வடிதாளை மஞ்சள் கரைசலில் தோய்த்து உலர்த்தி, நடுவில் ஒரு நாணயத்தை வைத்து வெயிலில் விடுவது. கொஞ்ச நேரம் கழித்து நாணயத்தை எடுத்தால் அதன் அடியில் மட்டும் பளிச்சென்று மஞ்சள் வட்டம். சுற்றிலும் வெளிறிப்போன தாள். சேலையில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் போட்டுப் போக்கும் அம்மாமார் எல்லாருக்கும் இது தெரியும். தங்கள் மஞ்சள்தூள் போத்தலை ஜன்னலோரத்தில் வைக்கும்போதும் அதுவேதான் நடக்கிறது என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

ஜின்செனோசைடு இந்த இரண்டு வகையிலும் சேராது. ஒளியை உறிஞ்சும் அமைப்பு அதில் ஏறத்தாழ இல்லை. ஆய்வுக்கூடத்தில் திரவ நிறப்பகுப்புக் கருவியில் அதை அளப்பவர்கள் 203 நனோமீற்றர் வரை இறங்கித்தான் அதைக் காண்கிறார்கள். அங்கும் மங்கலாகவே தெரியும். 254 நனோமீற்றர் விளக்கொளி அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிப்போகும். அப்படியானால் புற ஊதா பட்டு ஜின்செனோசைடு கூடுவது என்பது ஒளி நேரடியாகச் செய்யும் வேலையாக இருக்க முடியாது. அதைச் செய்ய வேண்டியது வேரின் உயிருள்ள கலம்.

கலத்துக்குள் நடப்பது இதுதான். புற ஊதா பட்டவுடன் மரபணுப் பொருளும் சவ்வுகளும் அடி வாங்குகின்றன. ஒட்சிசன் சார்ந்த தீவிரமான பொருள்கள் பெருகுகின்றன. செடி இதைத் தாக்குதலாகவே எடுத்துக்கொள்கிறது. தக்காளி இலையில் 254 நனோமீற்றர் ஒளி பட்டால், புழு கடித்தபோது விழித்துக்கொள்ளும் அதே சமிக்ஞைப் பாதை விழித்துக்கொள்வதை 1996 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் பாதையின் முக்கியத் தூதர் ஜாஸ்மோனிக் அமிலம். மல்லிகை வாசனையில் முதலில் அறியப்பட்ட மெத்தில் ஜாஸ்மோனேட் அதன் நெருங்கிய உறவு. இன்னொரு பக்கம், கண்ணாடிக் கலன்களில் வளர்க்கும் ஜின்செங் வேர்களுக்கு மெத்தில் ஜாஸ்மோனேட் கொடுத்தால் ஜின்செனோசைடு பல மடங்கு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரிகிறது: ஒளி, காயம், ஜாஸ்மோனேட், அதற்குப் பிறகு சபோனின்.

இதை மருமகனுக்கு விளக்க எங்கள் துறைமுகத்தைத் துணைக்கு அழைத்தேன். புயல் எச்சரிக்கை வந்ததும் வள்ளங்களைக் கரையேற்றுவது மீனவர்கள், எச்சரிக்கை அல்ல. ஆளில்லாத கரையில் எத்தனை முறை அறிவித்தாலும் ஒரு வள்ளமும் நகராது. காய்ந்த வேர் அந்த ஆளில்லாத கரை.

பிடுங்கிய புதிதில் ஜின்செங் வேரின் எடையில் எழுபது சதவீதத்துக்கு மேல் நீர். நொதியங்கள் வேலை செய்கின்றன, மரபணுக்கள் வாசிக்கப்படுகின்றன, மூலப்பொருள் கைவசம் இருக்கிறது. அந்த மூலப்பொருள்களில் ஒன்றை எங்கள் மீனவர்கள் வேறு வழியில் அறிவார்கள்: ஸ்குவாலீன். சுறா ஈரல் எண்ணெயில் முதன்முதலாகக் கண்டெடுக்கப்பட்ட பொருள் அது. ஜின்செங் வேர் அதே ஸ்குவாலீனைத் தன் கலத்துக்குள் செய்து, அதில் ஓர் ஒட்சிசன் அணுவைச் சேர்த்து, நீண்ட சங்கிலியை நான்கு வளையங்களாக மடித்து, மேலும் ஒட்சிசன் ஏற்றி, கடைசியில் சர்க்கரைகளைப் பொருத்துகிறது. படிக்குப் படி ஒரு நொதியம். காய்ந்த வேரில் இந்த வரிசை முழுவதும் நின்றுவிடுகிறது. அதன் மீது எந்த ஒளியைப் பாய்ச்சினாலும் புதிதாக ஒரு ஜின்செனோசைடும் பிறக்காது.

பிடுங்கிய உறுப்பு ஒளிக்குப் பதில் சொல்லும் என்பதற்கு ஜின்செங்கின் உறவுக்குள்ளேயே நல்ல சாட்சி உண்டு. கரட்டும் ஜின்செங்கும் தாவரவியலில் வேறு வேறு குடும்பம் என்றாலும், பல குடும்பங்களை அடக்கிய ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அறுவடை செய்த கரட்டுக்கு 254 நனோமீற்றர் ஒளியை அளவோடு காட்டி வைத்தால், 6-மெதொக்சிமெலீன் என்ற கசப்பான பூஞ்சண எதிர்ப்பொருளை அது சேர்த்துக்கொள்கிறது. சாம்பல் பூஞ்சணத்தை எதிர்த்து நிற்கிறது. பறித்த திராட்சையும் அப்படியே. புற ஊதா காட்டினால் ரெஸ்வெரட்ரோல் என்ற தற்காப்புப் பொருள் கூடுகிறது, ஆனால் விளக்கை அணைத்த கையோடு அல்ல. சில நாட்கள் வைத்திருந்த பிறகே உச்சம் வருகிறது. கலத்துக்கு வேலை செய்ய நேரம் வேண்டும்.

அந்த நேரத்தில் வேரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். புற ஊதா காயப்படுத்திய மரபணுப் பொருளை, நீல ஒளியின் துணையோடு பழுதுபார்க்கும் நொதியம் செடிகளிடம் இருக்கிறது. விளக்குக்குப் பிறகு வெளிச்சத்தில் வைத்தால் காயம் சீக்கிரம் ஆறி, எச்சரிக்கையும் அடங்கிவிடும். ஆகவே ஒளி சிகிச்சைக்குப் பிறகு விளைபொருளை இருட்டில் வைப்பதே வழக்கம்.

அளவு கூடினாலும் கெடுதல். குறைந்த ஒளி கலத்தைத் தூண்டும். கூடிய ஒளி கலத்தைக் கொல்லும், தோல் கறுக்கும், கொன்ற இடத்தில் பூஞ்சணம் ஏறும். இரண்டுக்கும் நடுவே பயன் தரும் சிறு இடைவெளி ஒவ்வொரு பயிருக்கும் வேறு வேறு. இன்னொன்று: இந்த ஒளி வேருக்குள் ஊடுருவுவதில்லை, மேற்புறத்துச் சில கல அடுக்குகளோடு நின்றுவிடுகிறது. ஜின்செங்கைப் பொறுத்தவரை அது பெரிய குறையில்லை; சத்துச் செறிந்திருப்பதும் வெளிப்புறத்தில்தானே. ஆனால் வெள்ளை ஜின்செங் செய்பவர்கள் பல இடங்களில் தோலைச் சீவிவிட்டு வெயிலில் உலர்த்துகிறார்கள். ஒளி பட்டு உழைத்த அடுக்கே சீவலோடு போய்விடும். சிவப்பு ஜின்செங்கில் தோலோடு ஆவியில் அவிக்கிறார்கள்; அங்கே வேறு வேதியியல் நடக்கிறது. சூட்டில் ஆர்பி1 போன்றவை சில சர்க்கரைகளை இழந்து ஆர்ஜி3 ஆகின்றன, அதிலிருந்து நீர் கழன்று ஆர்கே1, ஆர்ஜி5 உருவாகின்றன. பச்சை வேரில் இவை ஏறத்தாழ இல்லை. அவித்த பிறகு கலம் இறந்துவிடுவதால், விளக்கு காட்டுவதென்றால் அவிக்கும் முன்னர்தான் காட்ட வேண்டும்.

எல்லாச் சத்தும் ஒரே திசையில் போகும் என்றும் எண்ணக் கூடாது. ஜின்செங்கில் பொலிஅசெட்டிலீன்கள் என்ற இன்னொரு மருந்துக் கூட்டம் இருக்கிறது. அவற்றில் ஒன்றான பனாக்சினோல் கரட்டிலும் உண்டு. இவை ஒளியிலும் காற்றிலும் நிலைக்காதவை. ஒன்றைக் கூட்டப் போய் மற்றொன்றை இழக்க நேரலாம். “சத்து கூடியது” என்று யாராவது சொன்னால், எந்தச் சத்து என்று உடனே கேளுங்கள்.

எதை வைத்து அளந்தார்கள் என்றும் கேளுங்கள். இதை நான் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் நுழைவது இந்த வழியாகத்தான். நூறு கிராம் பச்சை வேரில் ஒரு கிராம் ஜின்செனோசைடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீதம். விளக்குச் சூட்டில் அது வாடி ஐம்பது கிராம் ஆகிறது. உள்ளே இருப்பது அதே ஒரு கிராம், சதவீதம் மட்டும் இரண்டாகிவிடும். நீர் போனதைச் சத்து வந்ததாகக் காட்டுவது இவ்வளவு சுலபம். ஆகவே உலர்ந்த எடையில் கணக்கிட்டதா என்று பார்க்க வேண்டும். பச்சை ஜின்செங்கில் மலோனைல் என்ற அமிலத் துண்டு ஒட்டிய ஜின்செனோசைடுகளும் நிறைய உண்டு. இளஞ்சூட்டிலேயே அந்தத் துண்டு கழன்று, சாதாரண ஆர்பி1 போன்றவை கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் அளந்தவர் “கூடிவிட்டது” என்பார். மொத்தத்தை அளந்தவருக்கு இடமாற்றம் மட்டுமே தெரியும். போதாக்குறைக்கு, ஒரு வேரைப் போல இன்னொரு வேர் இருப்பதில்லை. வயதும் மண்ணும் பிடுங்கிய பருவமும் மாறினால் அளவும் மாறுகிறது. நல்ல ஆய்வாளர் ஒரே தொகுதியைப் பிரித்து, ஒரு பாதியை அதே வெப்பத்தில், அதே ஈரப்பதத்தில், விளக்கில்லாமல் வைத்து ஒப்பிடுவார்.

அறுவடைக்குப் பிந்திய கவனக்குறைவு ஒரு வியாபாரத்தையே சாய்த்த கதை ஜின்செங்கின் வரலாற்றில் இருக்கிறது. சீனாவில் இருந்த ஜார்த்தூ என்ற யேசு சபைத் துறவி 1711 இல் ஜின்செங்கைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். மலையும் காடுமான கனடாவிலும் இது வளரக்கூடும் என்று அதில் குறிப்பிட்டார். அதைப் படித்த லாஃபித்தோ என்ற இன்னொரு துறவி, பூர்வகுடி மக்களிடம் விசாரித்துத் தேடி, 1716 இல் மொன்றியலுக்கு அருகே அமெரிக்க ஜின்செங்கைக் கண்டார். கப்பல் கப்பலாக வேர் சீனாவுக்குப் போனது. விலை ஏறியதும் அவசரமும் ஏறியது. 1752 அளவில், இலையுதிர் காலம் வரை பொறுக்காமல் பருவம் தவறிப் பிடுங்கி, மெல்ல உலர்த்த வேண்டியதை அடுப்பில் வாட்டி அனுப்பினார்கள். சீன வணிகர்கள் வாங்க மறுத்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. செடியும் மண்ணும் அதேதான். பிடுங்கிய பிறகு நடந்த வேலைதான் மாறியிருந்தது.

எங்கள் ஊர் வெயிலுக்கு வருகிறேன். திருகோணமலையில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. புற ஊதாச் சுட்டெண் 11 ஐ எட்டினால் மிக உச்சம் என்பார்கள். அந்த நாட்களில் இங்கே அது சாதாரணம். கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் சுளகில் பரப்பியது மாலைக்குள் சலசலக்கும். கருவாட்டுக்கு இது வரம். எல்லா மூலிகைக்கும் அல்ல. நிழலில் உலர்த்த வேண்டிய இலைகளை நிழலில் உலர்த்து என்று வைத்தியர்கள் பிரித்துச் சொன்னதற்கும், சில மருந்துகளை வெயிலிலேயே வைத்துப் பக்குவம் செய்யும் சூரிய புடம் என்ற முறை சித்த மருத்துவத்தில் இருப்பதற்கும் நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன். வெயிலையும் நெருப்பைப் போல அளந்து கையாள வேண்டியதாக அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் எந்தச் சரக்கில் வெயில் எதைக் கூட்டியது, எதைக் குறைத்தது என்பதைக் கருவியில் வைத்துப் பார்ப்பது நம் தலைமுறையின் வேலை. அவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அமுக்கரா விடயத்தில் மருமகனிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். அமுக்கராவை இந்திய ஜின்செங் என்று பொதியில் போடுகிறார்கள். ஆனால் அது கத்தரி, தக்காளிக் குடும்பம். அதன் மருந்துப் பொருள்கள் விதனோலைடுகள். ஜின்செங்கில் கிடைத்த பெறுபேற்றை அதன் மீது ஏற்றிச் சொல்ல முடியாது. நம்மிடம் வருவதோ காய்ந்து முடிந்த கிழங்கு. அதற்கு விளக்குக் காட்டிப் பொதியில் அச்சடித்தால், நோயோடு வருகிறவரிடம் இல்லாததை விற்றதாகிவிடும்.

விளக்கை வீட்டில் வைத்து விளையாடவும் கூடாது. 254 நனோமீற்றர் ஒளி கண்ணில் பட்டால் அந்த நேரம் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து மணல் கொட்டியது போல எரிவும் கண்ணீரும் வரும். தோலும் சிவந்து உரியும். கொரோனாக் காலத்தில் கிருமி கொல்ல என்று இவற்றை வாங்கிய வீடுகளுக்கும் இதைச் சொல்லுகிறேன்: விளக்கு எரியும் அறைக்குள் ஆளோ பூனையோ இருக்கக் கூடாது. மருமகனின் தாயார், என் அக்கா, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிக்கிறவர். அவர் ஜின்செங் சாற்றைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவைத்தேன். அந்த மருந்தின் வேலையை ஜின்செங் குழப்பக்கூடும். எந்த மாத்திரை குடிக்கிறவரும் ஜின்செங்கைத் தொடங்கும் முன் தங்கள் வைத்தியரிடம் கேட்பது நல்லது.

அவன் கெட்டிக்காரன், கோபித்துக்கொள்ளவில்லை. விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் மூடியுள்ள தகரப் பேணிகள் வாங்கினான். வீதியைப் பார்த்த கண்ணாடித் தட்டில் இருந்த மஞ்சளையும் கடுக்காயையும் உள்ளறைக்கு மாற்றினோம். ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி யைப் பெரும்பாலும் தடுக்கும். ஏ யின் கணிசமான பகுதியும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் உள்ளே வந்துவிடும், மஞ்சளைக் கெடுக்க அது போதும். பொலித்தீன் பையோ ஏறத்தாழ எதையும் தடுப்பதில்லை. அங்காடியில் பளபளவென்று தொங்கும் மூலிகைத்தூள் பொதிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

உயிருள்ள வேரோடு வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு நம் மண்ணிலேயே பொருத்தமான செடி இருக்கிறது. ஜின்செங் இங்கே வராது. அதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். வல்லாரை வரும், கிணற்றடி ஈரத்தில் தானாகவே படரும். அது கரட்டின் குடும்பம், ஆகவே ஜின்செங்குக்கும் உறவு. அதன் ஏசியாட்டிகோசைடும் ஜின்செனோசைடைப் போலவே ஸ்குவாலீனில் தொடங்கி வளையங்களாக மடிந்து சர்க்கரை ஏற்றிக்கொண்ட சபோனின்தான். பறித்த வல்லாரை சில நாட்கள் உயிரோடு இருக்கும். ஜின்செங்கில் கேட்கும் கேள்வியைக் காசு செலவில்லாமல் கேட்டுப் பார்க்க இதைவிட நல்ல செடி தெரியவில்லை.

இதைக் கேட்டு உற்சாகமானவள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் என் பழைய மாணவி. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரே பாத்தியில், ஒரே காலையில் பறித்த இலைகளைக் கலந்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை விளக்கடியிலும் மறு பாதியை இருட்டிலும் வைக்கப்போகிறாள். ஒளிக்குப் பிறகு எத்தனை மணி நேரம் காத்திருப்பது என்று கேட்டாள். ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுக்காதே என்றேன். அன்றே ஒரு பங்கு, மறுநாள் ஒரு பங்கு, மூன்றாம் நாள் ஒரு பங்கு என்று இரண்டு பாதியிலிருந்தும் எடுத்து, எடை மாறாத நிலை வரும் வரை உலர்த்தி, அந்த உலர்ந்த எடைக்கே கணக்கிடச் சொல்லியிருக்கிறேன். திராட்சையில் உச்சம் வரச் சில நாட்கள் ஆனது. வல்லாரையில் அது எப்போது வரும், வருமா என்பதை அவளுடைய தராசும் நிறப்பகுப்புக் கருவியும் சொல்லட்டும். பெறுபேறு எதுவானாலும், கூடவில்லை என்றாலும், அவளுடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.